கிட்டாரில் முதல் மைனர் கார்டு: ஈ மைனரைச் சரியாக ஒலிக்கச் செய்வது எப்படி

நவம்பர் பிறந்துவிட்டால் மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பகுதிகளின் ஆலயங்களில் கிறிஸ்துமஸ் பாடல் பயிற்சி தொடங்கிவிடும். பாடகர் குழு கூடும் அறையில் ஒரு கீபோர்டும், சுவரில் மாட்டிய ஒரு கிட்டாரும் இருக்கும். கீபோர்டுக்கு ஆள் உண்டு. கிட்டாருக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. அப்படிப்பட்ட ஓர் அறையில் பள்ளிப் பிள்ளைகளுக்கும், வேலை முடிந்து மாலையில் வரும் இளைஞர்களுக்கும் கிட்டாரின் அரிச்சுவடியை நான் சொல்லிக்கொடுத்து வருகிறேன். முதல் பாடமாக எடுப்பது ஈ மைனர் கார்டு. அதற்கு இரண்டு விரல்கள் போதும். ஆறு கம்பிகளில் எதையும் விலக்காமல் மீட்டலாம். எளிதானது என்று எல்லோரும் சொல்வதில் பிழையில்லை. ஆனால் புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் முதல் சில வாரங்கள் மீட்டுவது ஈ மைனரே அல்ல. மைனர் என்ற பெயருக்குக் காரணமான ஒரே சுரம் அவர்களுடைய மோதிர விரலின் அடியில் ஊமையாகிக் கிடக்கும். மற்ற ஐந்து கம்பிகளும் பலமாக ஒலிப்பதால் அந்தக் குறை காதுக்கு எட்டாது. அந்தச் சுரத்தைத் தப்பவிடாமல் பிடிப்பதற்கான வழியையே இங்கு விரிவாகச் சொல்லப்போகிறேன்.

மைனர் என்பது எது

மூன்று சுரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிப்பதே கார்டின் அடிப்படை வடிவம். நம் சங்கீதத்தின் மொழியில் சொல்வதானால் சட்ஜம் (ச), காந்தாரம் (க), பஞ்சமம் (ப) ஆகிய மூன்றும் ஒன்றாக ஒலிக்கின்றன. காந்தாரம் அந்தர காந்தாரமாக இருந்தால் அது மேஜர் கார்டு. சாதாரண காந்தாரமாக இருந்தால் மைனர் கார்டு. சட்ஜமும் பஞ்சமமும் இரண்டுக்கும் பொது. கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகளே ஃபிரெட்டுகள். ஒரு ஃபிரெட் என்பது அரைச்சுரம். சட்ஜத்திலிருந்து 3 ஃபிரெட் தள்ளி சாதாரண காந்தாரமும், 4 ஃபிரெட் தள்ளி அந்தர காந்தாரமும், 7 ஃபிரெட் தள்ளி பஞ்சமமும் கிடைக்கும். மேஜருக்கும் மைனருக்கும் இடையே உள்ள தூரம் ஒரே ஒரு ஃபிரெட்தான்.

ஈ மைனரில் ஈ சட்ஜம், ஜி சாதாரண காந்தாரம், பி பஞ்சமம். விரல்களைச் சரியாக வைத்தபின் தடித்த ஆறாவது கம்பியிலிருந்து மெல்லிய முதல் கம்பி வரை ஒலிப்பவை ஈ, பி, ஈ, ஜி, பி, ஈ ஆகியவை. ஈ மூன்று முறை வருகிறது, பி இரண்டு முறை வருகிறது, ஜி ஒரே ஒரு முறைதான் வருகிறது. அதுவும் எந்த விரலும் அழுத்தாமல் திறந்து கிடக்கும் மூன்றாவது கம்பியில். அந்தக் கம்பி செத்துப்போனால் மிஞ்சுவது சட்ஜமும் பஞ்சமமும் மட்டுமே. அது மேஜரும் அல்ல, மைனரும் அல்ல. ராக் இசைக்காரர்கள் அதைப் பவர் கார்டு என்று பெயரிட்டு வேண்டுமென்றே வாசிப்பார்கள். நாம் வாசிக்க வந்தது அது இல்லை.

கருவியைப் பார்த்துக்கொள்ளுதல்

பாடம் தொடங்குமுன் கிட்டாரைக் கொஞ்சம் சோதிக்க வேண்டும். என் முதல் கிட்டாரில் கம்பிகள் கழுத்துப் பலகையிலிருந்து மிகவும் உயர்ந்து நின்றன. அழுத்தி அழுத்தி விரல் நுனி கன்றிப்போய், எனக்கு இது வராது என்று ஏறத்தாழ முடிவுகட்டியிருந்தேன். பாடகர் குழுவில் இருந்த ஒரு பெரியவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, கிட்டாரின் உடலில் கம்பிகளைப் பிடித்து நிறுத்தும் பிரிட்ஜில் செருகியிருந்த வெள்ளைப் பட்டையை உருவி, அதன் அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்துத் திரும்பப் போட்டுக் கொடுத்தார். அன்று மாலையே கார்டு ஒலித்தது. விற்றவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை.

இரும்புக் கம்பி கிட்டாராக இருந்தால் ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு ரூபாய் நாணயங்கள் இரண்டை அடுக்கினால் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வரும். 12 ஆவது ஃபிரெட்டின் மேல், தடித்த ஆறாவது கம்பிக்கு அடியில் அந்த அடுக்கு தாராளமாக நுழைந்து இன்னும் இடைவெளி மிச்சம் இருந்தால் கம்பி உயரம் அதிகம். வெள்ளைப் பட்டையில் 1 மில்லிமீட்டர் குறைத்தால் 12 ஆவது ஃபிரெட்டில் அரை மில்லிமீட்டர்தான் குறையும். அளவுக்கு மீறித் தேய்த்துவிட்டால் கம்பி ஃபிரெட்டில் உரசி இரையும் என்பதால், பழக்கமுள்ள ஒருவரிடம் இந்த வேலையைக் கொடுப்பது நல்லது. நைலான் கம்பி கிட்டார்கள் விரலுக்கு மென்மையானவை. அவற்றில் கம்பி சற்று உயர்ந்திருப்பது இயல்பு, கழுத்தும் அகலமாக இருக்கும். சிறு பிள்ளைகளுக்கு நான் நைலானையே பரிந்துரைப்பேன்.

குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். உப்புக்காற்றில் இரும்புக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி சுருதியில் நிற்காது, விரலையும் அறுக்கும். நம் மாவட்டம் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்குவதால் ஆண்டின் பாதி ஈரத்திலேயே கழிகிறது. ஒவ்வொரு முறையும் வாசித்து முடித்தபின் பழைய வேட்டித் துணியால் கம்பிகளை மேலும் கீழும் துடைத்து, கிட்டாரை உறைக்குள் வைத்தால் போதும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்த கையோடு கம்பியைத் தொடக்கூடாது. எண்ணெய் கம்பியின் சுற்றுகளுக்குள் இறங்கி நாதத்தை மந்தமாக்கிவிடும். ரப்பர் வெட்டிவிட்டு நேரே வருகிறவர்களும் கையை நன்றாகக் கழுவிவிட்டு வரட்டும். விரலில் காய்ந்த ஒட்டுப்பால் ஒரு பொட்டு இருந்தாலும் கம்பி விரலோடு ஒட்டிக்கொண்டு வரும்.

சுருதி சேர்த்தல்

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் இசைத்தூண்களைத் தட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கல்லில் செதுக்கிய சுரத்துக்கு யாரும் சுருதி சேர்க்க வேண்டியதில்லை. மரமும் கம்பியும் அப்படியல்ல. காலையில் சேர்த்த கிட்டார் மாலை மழைக்குப் பிறகு இறங்கியோ ஏறியோ நிற்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் முதல் வேலை சுருதி சேர்ப்பதுதான்.

கம்பிகளின் எண்கள் மெல்லியதிலிருந்து தொடங்குகின்றன. தரைப்பக்கம் இருக்கும் மெல்லிய கம்பி முதல் கம்பி. முகத்தின் பக்கம் இருக்கும் தடித்த கம்பி ஆறாவது. ஆறாவதிலிருந்து வரிசையாக ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. செல்போனில் கிடைக்கும் டியூனர் செயலி எதுவானாலும் அதன் அடிப்படை 440 ஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியிருந்தால் ஆறாவது கம்பி ஏறத்தாழ 82.4, ஐந்தாவது 110, நான்காவது 146.8, மூன்றாவது 196, இரண்டாவது 246.9, முதல் கம்பி 329.6 ஹெர்ட்ஸில் நிற்கும். சுருதி கூடிப்போனால் கம்பியை முதலில் நன்றாகத் தளர்த்தி, பிறகு கீழிருந்து மேலாக முறுக்கிச் சேருங்கள். மேலிருந்து இறக்கிக்கொண்டே வந்து நிறுத்தினால் சற்று நேரத்தில் இன்னும் இறங்கிவிடும்.

மூன்றாவது கம்பியை இரண்டாம் முறையும் சரிபாருங்கள். ஈ மைனரின் காந்தாரம் அந்த ஒரு கம்பியை நம்பியே இருப்பதால், அது சிறிதளவு ஏறியிருந்தாலும் மைனரின் கனம் போய்விடும். அறையில் கீபோர்டு இருந்தால், டியூனர் காட்டிய பிறகும் கீபோர்டின் ஜியை அழுத்திக்கொண்டு மூன்றாவது கம்பியைத் தட்டிக் கேளுங்கள். இரண்டு ஒலிகளுக்கும் இடையே அலை அடிப்பது போன்ற துடிப்பு கேட்டால் இன்னும் சேரவில்லை என்று பொருள். அந்தத் துடிப்பு மெல்ல மெல்ல நீண்டு, பின்பு அடங்கிவிட வேண்டும்.

உட்காரும் முறை

கை வைக்காத நாற்காலியில் முன்பக்கமாக உட்கார்ந்து, கிட்டாரின் இடுப்பு வளைவை வலது தொடையில் அமர்த்தி, அதன் முதுகை வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். கம்பிகளைப் பார்ப்பதற்காகக் கிட்டாரின் முகத்தை மேல்நோக்கிச் சாய்ப்பது எல்லோரும் செய்யும் தவறு. சாய்த்தால் இடது மணிக்கட்டு மடங்கி விரல்கள் படுத்துவிடும். பார்க்க வேண்டுமானால் தலையைக் குனிந்து பாருங்கள். வலது முழங்கை உடலின் மேல்விளிம்பில் தொங்கினாலே கிட்டார் நிற்கும். இடது கை அதைத் தாங்கக் கூடாது. இடது கையை முழுவதுமாக எடுத்துவிட்டுப் பாருங்கள். கழுத்து கீழே விழாமல் நின்றால் உட்கார்ந்தது சரி. இடது கையின் நகங்களை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். (இடது கைப் பழக்கமுள்ளவர்கள் அதற்கென்று செய்த கிட்டாரை வைத்திருந்தால், நான் இடது என்று சொல்லுமிடத்தில் வலது என்று படித்துக்கொள்ளலாம்.)

விரல்களை வைத்தல்

வீணையில் மெட்டு என்று சொல்வது கிட்டாரில் ஃபிரெட். "இரண்டாவது ஃபிரெட்டில் அழுத்து" என்றால் அந்த உலோகத்தின் தலைமேல் அழுத்துவது என்று பொருளல்ல. முதல் ஃபிரெட்டுக்கும் இரண்டாவது ஃபிரெட்டுக்கும் இடைப்பட்ட இடத்தில், இரண்டாவதை ஒட்டினாற்போல் அழுத்துவது. வழக்கமான 648 மில்லிமீட்டர் நீளக் கம்பியுள்ள கிட்டாரில் முதல் ஃபிரெட் நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகள் படிந்து செல்லும் பட்டை) 36 மில்லிமீட்டரிலும், இரண்டாவது ஏறத்தாழ 71 மில்லிமீட்டரிலும் இருக்கும். நமக்குக் கிடைக்கும் இடம் மூன்றரை சென்டிமீட்டர் அகலம். அதில் இரண்டு விரல்கள் தாராளமாக நிற்கலாம்.

முதலில் நடு விரலின் நுனியை ஐந்தாவது கம்பியில், இரண்டாவது ஃபிரெட்டில் வையுங்கள். அடுத்து மோதிர விரலின் நுனியை அதே ஃபிரெட்டில், நான்காவது கம்பியில் வையுங்கள். சுட்டு விரலும் சுண்டு விரலும் சும்மா இருக்கட்டும். ஆனால் அவை விறைத்து நீட்டிக்கொண்டு நிற்காமல் கம்பிக்கு மேலே சற்று வளைந்து காத்திருக்கட்டும். பெருவிரல் கழுத்தின் பின்புறத்தில், ஏறத்தாழ நடு விரலுக்கு நேர் பின்னால், அதன் வயிற்றுப் பகுதி படும்படி நிற்க வேண்டும். உள்ளங்கைக்கும் கழுத்துக்கும் நடுவே ஓர் எலுமிச்சம்பழம் இருப்பதாக நினைத்துக்கொண்டால் கை தானாக வளைந்துவிடும்.

சுட்டு விரலையும் நடு விரலையும் வைத்தும் இதே கார்டைப் பிடிக்கலாம், அது முதல் நாளில் இன்னும் இலகுவாகவே இருக்கும். இருந்தும் நடு விரல், மோதிர விரல் என்ற முறையையே நான் வற்புறுத்துகிறேன். சுட்டு விரல் சும்மா இருப்பதன் பயன் சற்று நேரத்தில் விளங்கும்.

கம்பி கம்பியாகக் கேட்டல்

இங்கேதான் பொறுமை வேண்டும். விரல்களை வைத்தவுடன் ஆறு கம்பிகளையும் ஒரே வீச்சில் மீட்டிப் பார்க்க ஆசை வரும். வேண்டாம். பெருவிரலாலோ பிக்காலோ (கம்பியை மீட்டும் சிறு தகடு) ஆறாவது கம்பியைத் தனியாகத் தட்டுங்கள். அது ஒலித்து அடங்கும்வரை காத்திருங்கள். பிறகு ஐந்தாவது, நான்காவது, மூன்றாவது என்று ஒவ்வொன்றாக முதல் கம்பி வரை வாருங்கள். ஒவ்வொரு கம்பியிலும் மூன்றில் ஒன்று நடக்கும்: தெளிவாக நீண்டு ஒலிக்கும், அல்லது இரையும், அல்லது டொக் என்று கட்டையில் தட்டியதுபோல் செத்து விழும்.

இரைந்தால் காரணம் பெரும்பாலும் விரல் ஃபிரெட்டிலிருந்து பின்தங்கி நிற்பதுதான். அழுத்தத்தைக் கூட்டாதீர்கள், விரலை ஃபிரெட்டை நோக்கி அரை சென்டிமீட்டர் நகர்த்துங்கள். ஒரே ஃபிரெட்டில் இரண்டு விரல்கள் நெருங்கி நிற்கும்போது நடு விரல் சற்றுப் பின்னே தள்ளப்படுவது இயல்பே. தெளிவாக ஒலிக்கும்வரை அதனால் குற்றமில்லை.

செத்து ஒலிக்கும் கம்பியின் கதை வேறு. எங்கள் அறைக்குக் கடற்கரை ஊரிலிருந்து ஒரு பையன் வந்துகொண்டிருந்தான். அப்பாவோடு வலை இழுத்துப் பழகிய கை. விரல் நுனிகள் ஏற்கெனவே காய்த்துப்போயிருந்ததால் மற்றவர்கள் படும் வலி எதுவும் அவனுக்கு இல்லை. ஆனால் விரல்கள் பருமனானவை. கார்டை மீட்டினால் ஓசை பலமாக வந்தது, உள்ளே ஏதோ குறைந்தது. ஒவ்வொரு கம்பியாகத் தட்டச் சொன்னேன். மூன்றாவதில் டொக்.

"அண்ணே, நல்லாத்தான அழுத்தியிருக்கேன், பின்ன ஏன் சத்தம் வரல்ல?"

"அழுத்துன கம்பி ரெண்டும் நல்லாத்தான் இருக்கு மக்கா. நீ அழுத்தாத கம்பியப் பாரு."

அவன் குனிந்து பார்த்தான். நான்காவது கம்பியில் நின்ற மோதிர விரல் ஒரு நெல் அளவுக்குச் சாய்ந்து, அதன் சதை மூன்றாவது கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. தொடுவது என்றால் அழுத்துவதுகூட இல்லை, மயிரிழை உரசல். அதிர்ந்துகொண்டிருக்கும் கம்பியை ஊமையாக்க அது போதும்.

இதைச் சரிசெய்ய மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, மோதிர விரலின் நுனி மூட்டு. அது உள்பக்கமாக ஒடிந்து தட்டையாகியிருந்தால் விரல் படுத்துவிடும். வில்போல வளைந்து, விரல் நுனி கம்பியின் மேல் செங்குத்தாக இறங்க வேண்டும். இரண்டு, பெருவிரல். அது கழுத்தின் மேல்விளிம்பைத் தாண்டி எட்டிப்பார்த்தால் மற்ற விரல்கள் நீட்ட இடமின்றிச் சாய்ந்துவிடும். அதைக் கீழே இறக்கினால் விரல்கள் எழுந்து நிற்கும். மூன்று, முழங்கை. அது விலாவோடு ஒட்டிக்கிடந்தால் சற்று வெளியே நகர்த்திப் பாருங்கள், விரல் நுனிகளின் கோணம் மாறுவது கண்ணுக்கே தெரியும். இவையெல்லாம் செய்தும் விரல் பருமனால் உரசுகிறது என்றால், மோதிர விரலை நான்காவது கம்பியின் நடுவில் வைக்காமல் ஐந்தாவது கம்பியின் பக்கமாக ஒரு பொட்டு ஒதுக்கி வையுங்கள். அந்தப் பையனுக்கு உதவியது இந்தக் கடைசி வழிதான்.

மோதிர விரல் இப்படிச் சோம்பிச் சாய்வதற்கு உடல் சார்ந்த காரணமும் உண்டு. அதன் தசைநாண்கள் அண்டை விரல்களின் தசைநாண்களோடு பிணைந்திருப்பதால் அதைத் தனியே இயக்குவது கடினம். உள்ளங்கையை மேசைமேல் வைத்து, நடு விரலை மட்டும் மடக்கி உள்ளே வைத்துக்கொண்டு, மோதிர விரலைத் தூக்கிப் பாருங்கள், புரியும். ஆகவே அது சொன்னபடி கேட்கச் சில வாரங்கள் ஆகும்.

வலியைப் பற்றிக் கேட்பார்கள். விரல் நுனி வலிப்பது இயல்பு, தோல் தடித்ததும் போய்விடும். மணிக்கட்டோ பெருவிரலின் அடிப்பகுதியோ வலித்தால் அது இயல்பன்று. தேவைக்கு மேல் அழுத்துகிறீர்கள் அல்லது மணிக்கட்டை மடக்குகிறீர்கள். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வாசிப்பதைவிட நாளுக்கு மூன்று வேளை பத்துப் பத்து நிமிடம் வாசிப்பது விரலுக்கும் நல்லது, நினைவிலும் நன்றாகப் பதியும்.

சுட்டு விரல் வைத்தால் மேஜர், எடுத்தால் மைனர்

சும்மா இருந்த சுட்டு விரலுக்கு இப்போது வேலை. நடு விரலையும் மோதிர விரலையும் அசைக்காமல், சுட்டு விரலை மூன்றாவது கம்பியின் முதல் ஃபிரெட்டில் வைத்து ஆறு கம்பிகளையும் மீட்டுங்கள். இது ஈ மேஜர். ஜி இருந்த இடத்தில் ஜி ஷார்ப் வந்துவிட்டது. சாதாரண காந்தாரம் அந்தர காந்தாரமாகிவிட்டது. சுட்டு விரலை எடுத்துவிட்டு மீட்டுங்கள். மீண்டும் ஈ மைனர். மற்ற ஐந்து கம்பிகளில் எதுவும் மாறவில்லை.

வைத்து ஒரு முறை, எடுத்து ஒரு முறை என்று மாற்றி மாற்றி மீட்டுங்கள். சூரிய ஒளிக்கு மேகம் குறுக்கே வருவது போன்ற மாற்றம் கேட்க வேண்டும். மாற்றமே கேட்கவில்லை என்றால் மூன்றாவது கம்பி இன்னும் ஊமையாகத்தான் இருக்கிறது. முந்தைய பகுதிக்குத் திரும்புங்கள். எனக்குத் தெரிந்தவரை இதைவிட நல்ல சோதனை வேறில்லை. டியூனராலும் இதைக் காட்ட முடியாது.

பாடகர் குழுவில் வாசிக்க நினைப்பவர்களுக்கு மேஜரா மைனரா என்ற கேள்வி உடனே நடைமுறைப் பயன் தரும். நம் கீர்த்தனைகளில் பல கர்நாடக ராகங்களில் அமைந்தவை. பாட்டு சங்கராபரணத்திலோ மோகனத்திலோ கல்யாணியிலோ இருந்தால் அதில் வருவது அந்தர காந்தாரம். சட்ஜத்தின் மேல் மைனர் கார்டைப் போட்டால் பாடுகிறவரின் காந்தாரமும் உங்கள் காந்தாரமும் அரைச்சுர இடைவெளியில் மோதிக்கொள்ளும். நடபைரவி, கீரவாணி, கரகரப்பிரியா, சுத்த தன்யாசி ஆகியவற்றில் வருவது சாதாரண காந்தாரம். அங்கே சட்ஜத்தின் மேல் மைனர் இயல்பாகப் பொருந்தும். மேற்கத்திய இசையின் இயற்கை மைனர் ஸ்கேலும் 20 ஆவது மேளகர்த்தா ராகமான நடபைரவியும் ஒரே சுரங்களைக் கொண்டவை. இருந்தாலும் காந்தாரத்தை அசைத்துப் பாடும் இடங்களில் கார்டை இழுத்துப் பிடிக்காமல் விட்டுக்கொடுப்பதே அழகு.

பாடகர்கள் தங்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஈ என்பது மூன்று கட்டை. பாடுகிறவர் நான்கு கட்டையில் பாடினால் முதல் ஃபிரெட்டிலும், ஐந்து கட்டையில் பாடினால் மூன்றாவது ஃபிரெட்டிலும் கேப்போவை (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) மாட்டி, அதற்கு அப்பால் இதே விரல் அமைப்பைப் பிடித்துக்கொள்ளலாம்.

மீட்டுதல்

வலது கையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பிக்கைப் பெருவிரலுக்கும் சுட்டு விரலின் பக்கவாட்டுக்கும் இடையே, நுனி சிறிதளவே வெளியே தெரியும்படி, தளர்வாகப் பிடியுங்கள். முழங்கையை ஆட்டாமல், கையில் பட்ட தண்ணீரை உதறுவதுபோல மணிக்கட்டிலிருந்து கீழ்நோக்கி வீசுங்கள். நிமிடத்துக்கு 60 அடி என்று மெட்ரோனோமை (தாள அடியைத் தட்டிக்காட்டும் கருவி) வைத்து, நான்கு அடிக்கு நான்கு கீழ்வீச்சு. மேல்வீச்சு பிறகு வரட்டும். வீச்சு ஆறாவது கம்பியில் பலமாக இறங்கி மூன்றாவதுக்கு வருமுன் ஓய்ந்துவிடுவதும் உண்டு. அப்போது இடது கை சரியாக இருந்தும் காந்தாரம் கேட்காது. முதல் கம்பியைத் தாண்டிய பிறகே வீச்சை நிறுத்துங்கள்.

எடுத்து வைத்துப் பழகுதல்

வைத்த கார்டை வைத்தபடி மீட்டத் தெரிந்தால் பாதி வேலைதான் முடிந்தது. பாட்டில் கார்டு மாறிக்கொண்டே இருக்கும். கார்டைப் பிடித்து ஒரு முறை மீட்டுங்கள். விரல்களின் அமைப்பு கலையாமல் கம்பிகளிலிருந்து ஒரு விரற்கடை தூக்குங்கள். இரண்டு விரல்களும் ஒரே நேரத்தில் இறங்கும்படி மீண்டும் வையுங்கள். ஒன்று முந்தி ஒன்று பிந்தி இறங்கினால் வேகத்தைக் குறையுங்கள். இதையே இருபது முறை செய்தபின், கையை முழுவதும் எடுத்து முழங்காலில் வைத்துவிட்டுத் திரும்பப் பிடியுங்கள். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு பிடியுங்கள். மின்சாரம் போன ஒரு மழைக்கால மாலையில் மெழுகுவர்த்தியைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் எங்கள் பிள்ளைகளில் இரண்டு பேருக்கு இது முதல் முறையாகக் கைவந்தது.

ஏ மைனரும் டி மைனரும்

சுட்டு விரலைச் சேர்த்து ஈ மேஜரைப் பிடியுங்கள். இப்போது மூன்று விரல்களையும் அதே அமைப்பில் ஒரு கம்பி தரைப்பக்கமாக நகர்த்துங்கள்: சுட்டு விரல் இரண்டாவது கம்பியின் முதல் ஃபிரெட்டில், நடு விரல் நான்காவது கம்பியின் இரண்டாவது ஃபிரெட்டில், மோதிர விரல் மூன்றாவது கம்பியின் இரண்டாவது ஃபிரெட்டில். இதுவே ஏ மைனர். நடு விரல், மோதிர விரல் என்ற முறையை நான் வற்புறுத்தியது இதற்காகத்தான். வீச்சை ஐந்தாவது கம்பியிலிருந்து தொடங்குங்கள். ஒலிப்பவை ஏ, ஈ, ஏ, சி, ஈ. இங்கும் காந்தாரமான சி ஒரே ஒரு முறைதான் வருகிறது, இரண்டாவது கம்பியில். அதைக் கெடுப்பதும் அதே மோதிர விரல்தான். மூன்றாவது கம்பியில் நின்றுகொண்டு இரண்டாவதின் மேல் சாயும்.

ஏ மைனரிலிருந்து மூன்று விரல்களையும் இன்னும் ஒரு கம்பி நகர்த்தி, மோதிர விரலை மட்டும் ஒரு ஃபிரெட் முன்னே தள்ளினால் டி மைனர் வந்துவிடும்: சுட்டு விரல் முதல் கம்பியின் முதல் ஃபிரெட்டில், நடு விரல் மூன்றாவது கம்பியின் இரண்டாவது ஃபிரெட்டில், மோதிர விரல் இரண்டாவது கம்பியின் மூன்றாவது ஃபிரெட்டில். வீச்சு நான்காவது கம்பியிலிருந்து தொடங்கும். ஆறாவது கம்பியின் ஈ இதில் கலந்தால் கார்டு கலங்கிவிடும். ஒலிப்பவை டி, ஏ, டி, எஃப். காந்தாரமான எஃப் முதல் கம்பியில், சுட்டு விரலின் கீழ். நகம் வெட்ட மறந்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள்.

மூன்றையும் இணைத்துப் பழகுவதற்கு ஏ மைனரில் நான்கு அடி, டி மைனரில் நான்கு அடி, ஈ மைனரில் நான்கு அடி, திரும்ப ஏ மைனரில் நான்கு அடி என்று 60 வேகத்தில் சுற்றி வாருங்கள். ஏ மைனரிலிருந்து டி மைனருக்கு மாறும்போது மோதிர விரல் எட்டவில்லை என்றால், நான்காவது அடியை மீட்டாமல் விட்டு, அந்த நேரத்தில் விரலை வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு முறை நிறுத்தி, ஈ மைனரில் மூன்றாவது கம்பியையும், ஏ மைனரில் இரண்டாவதையும், டி மைனரில் முதல் கம்பியையும் தனியாகத் தட்டிக் கேளுங்கள். மூன்றும் நீண்டு ஒலித்தால் மெட்ரோனோமை 66க்கு ஏற்றலாம்.